நாற்பதை நெருங்கும் வயதில் கராத்தே பிளாக் பெல்ட் தேர்வு: மே மாதத்துக்குள் எப்படித் தயாராவது?

ஒத்தக்கடை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மகளை வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் நானும் சேர்ந்து, ஷோட்டோகான் கராத்தேயில் படிப்படியாக ஏறி, இப்போது பிரவுன் பெல்ட்டில் முதல் கியூ நிலையில் (பிளாக் பெல்ட்டுக்கு முந்தின படி) இருக்கிறேன். சித்திரைத் திருவிழா முடிந்ததும், மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று முதல் டான் தேர்வு, அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படிக்கான தேர்வு, நடக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். திருமங்கலம் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில், காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நடக்குமாம்.

எங்கள் பாடத்திட்டப்படி முதலில் கிஹோன், அதாவது அடிப்படை அசைவுகள். அடுத்து நாமே தேர்ந்தெடுத்த ஒரு கட்டா (வரிசையாக அமைந்த அசைவுத் தொகுப்பு). அதன்பின் ஹெய்யான் ஐந்து (ஷோதான், நிதான், சந்தான், யோந்தான், கோதான்), தெக்கி ஷோதான் ஆகியவற்றிலிருந்து தேர்வாளர் சொல்லும் ஒரு கட்டா. கடைசியாக ஜியு இப்பொன் குமித்தே (இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரின் ஒற்றைத் தாக்குதலை மற்றவர் தடுத்துத் திருப்பித் தாக்குவது). இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒரு மணி நேரம் ஓட்டம், தண்டால், தவளை நடை என்று உடலைச் சோதிப்பதும் எங்கள் பள்ளியின் வழக்கம்.

என் சிரமங்கள் இவை. வகுப்பில் வரிசையாகச் செய்யும்போது ஒரு கட்டாவும் தடுமாறுவதில்லை. ஆனால் திடீரென்று "யோந்தான்" என்று யாராவது சொன்னால் ஒரு நொடி மனம் வெறுமையாகி, நிதான் தொடங்கிவிடுகிறேன். வலது முழங்காலின் முன்பக்கம் படி இறங்கும்போது வலிக்கிறது. குமித்தேயில் எனக்கு எதிரே நிற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். என்னைவிட உயரமும் வேகமும் உள்ளவர்கள். சொந்தக் கட்டாவாகப் பஸ்ஸாய் தாய் செய்வதா, கான்கு தாய் செய்வதா என்பதிலும் முடிவுக்கு வர இயலவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன், "தினமும் செய்யுங்கள், தானாக வந்துவிடும்" என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் பள்ளி, வீடு போக மிஞ்சுகிற நேரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

திருநகர் மாஸ்டர்

வணக்கம் டீச்சர். பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுப்பவன், தேர்வு மேசையிலும் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் டானுக்கு வருபவரிடம் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. வெள்ளைப் பெல்ட்டில் கற்றுக்கொடுத்தது, களைத்துப் போன பிறகும் குலையாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கிஹோனுக்கே கொடுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

நிற்கும் முறைகளான ஸ்டான்ஸ்களில், ஸென்குட்சு தாச்சியில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டு எடை முன்காலிலும், கோகுட்சு தாச்சியில் எழுபது விழுக்காட்டு எடை பின்காலிலும் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் களைப்பு வந்தவுடன் முதலில் பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. அடுத்து, ஒவ்வோர் அடிக்கும் தலை மேலே போய்க் கீழே இறங்குகிறது. மூன்றாவதாக, குத்துகிற கையில் மட்டும் கவனம் போய், இடுப்புக்கு இழுக்க வேண்டிய மறுகை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இந்த மூன்றும் மேசையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் உடனே படும். வீட்டு வராந்தாவில், நீங்கள் ஸ்டான்ஸில் நிற்கும்போது உச்சந்தலையை உரசும் உயரத்தில், நீளவாக்கில் ஒரு நூல் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதன் கீழே மெதுவாக முன்னும் பின்னும் நடந்து குத்திப் பாருங்கள். தலை எழும்பும்போதெல்லாம் கயிறு தட்டிச் சொல்லிவிடும். கண்ணாடி முன் நின்று செய்வதைவிட இது நல்லது. கண்ணாடியைப் பார்க்கும்போது பார்வை எதிரியை விட்டு நம் மீதே வந்துவிடுகிறது.

கட்டா மாறிப்போவது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நிதானும் யோந்தானும் இடப்பக்கம் திரும்பி, கோகுட்சு தாச்சியில் இரு கைகளையும் மேலே உயர்த்தித்தான் தொடங்குகின்றன. நிதானில் கைகள் மூடிய முட்டிகளாக வேகமாக எழும். யோந்தானில் விரிந்த கைகளாக மெதுவாக எழும். அதேபோல் சந்தானும் கோதானும் இடக்கை உள்தடுப்புடன் ஒரே மாதிரி தொடங்கி, இரண்டாவது அசைவில்தான் பிரிகின்றன: சந்தானில் கால்கள் சேர்ந்து இரு கைகளும் ஒரே நேரத்தில் தடுக்கும், கோதானில் நின்ற நிலையிலேயே கியாக்கு சுக்கி (முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் குத்துவது) வரும். எனவே முழுக் கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் இந்தத் தடுமாற்றம் தீராது. ஆறு பெயர்களையும் சீட்டில் எழுதி, திருவுளச் சீட்டு எடுப்பதுபோல் மகளை எடுக்கச் சொல்லுங்கள். பெயரை அவர் சொன்னதும் நீங்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, முதல் மூன்று அசைவுகளை மட்டும் செய்து நிறுத்துங்கள். உடனே அடுத்த சீட்டு. இதைப் பள்ளி விட்டு வந்து களைப்பாக இருக்கும் மாலையில் செய்தால் இன்னும் பயன் தரும். பெயரை உரக்கச் சொல்லி ஒரு மூச்சு விடும் அந்த இடைவெளி தேர்விலும் உங்களுக்கு உண்டு. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இன்னொன்று. வகுப்பில் எப்போதும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் கட்டா தொடங்குகிறோம். எந்தச் சன்னல் பக்கம் எந்த அசைவு என்று உடல் நம்மை அறியாமல் மனப்பாடம் செய்துவிடுவதால், புது மண்டபத்தில் திசை தெரியாமல் போகிறது. மொட்டை மாடியில் ஒரு நாள் யானைமலையைப் பார்த்து நின்று செய்யுங்கள். மறுநாள் அதற்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. இந்த ஐந்து ஹெய்யான் கட்டாக்களும் ஒக்கினாவாவில் இட்டோசு அங்கோ என்பவர் பள்ளி மாணவர்களுக்காக வகுத்த பாடங்களிலிருந்து வந்தவை. அவற்றைக் கற்று, பின்னர் 1922இல் தோக்கியோ சென்று கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷியும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். ஜூடோவில் ஏற்கெனவே இருந்த டான் முறையைக் கராத்தேக்குக் கொண்டுவந்து 1924இல் முதல் டான்களை வழங்கியவரும் அவரே. எளிய பாடங்கள் என்று ஹெய்யானை ஒதுக்கிவிட்டு, பெரிய கட்டாவிலேயே நேரத்தைச் செலவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் தேர்வில் அதிகம் பேர் சறுக்குவதும் அங்கேதான்.

குமித்தே பற்றி. ஜியு இப்பொன்னில் எதிரி எங்கே, எதனால் தாக்கப் போகிறார் என்பதை வாய்விட்டு அறிவித்துவிடுகிறார். எப்போது என்பது மட்டும்தான் தெரியாது. உயரமானவர் எதிரே நேராகப் பின்வாங்கினால், அவருடைய இரண்டாவது அடியில் நீங்கள் சுவரோரம் போயிருப்பீர்கள். திருப்பிக் குத்தவும் எட்டாது. சாய்வாக வெளிப்பக்கம் ஓரடி விலகுங்கள். மாயெ கெரி (முன் உதை) வந்தால் விலகிக்கொண்டே கீழ்த்தடுப்பு. அவர் கால் தரையில் படும் அதே கணத்தில் கியாக்கு சுக்கி. அவர் அசைவதற்கு முன்பே நகர்ந்துவிடாதீர்கள். நகர்ந்தால் அவர் கோணத்தை மாற்றிக்கொள்வார். குத்து உடலைத் தொடுமுன் நிற்க வேண்டும். அடித்துவிட்டால் அதைத் திறமை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கட்டுப்பாடு இல்லை என்றே எழுதுவார்கள். நீங்கள் தாக்கும் முறை வரும்போது இரக்கப்பட்டு எட்டாத தூரத்தில் குத்தாதீர்கள். தாக்குபவரையும் சேர்த்தே மதிப்பிடுகிறோம்.

கே.கே.நகர் பிசியோ

மேடம், இயன்முறை மருத்துவன் என்ற முறையில் முழங்கால் பற்றி மட்டும் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல முடியாது. முழங்கால் வீங்குகிறதா, மடக்கும்போது பூட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது திடீரென்று காலை வாரிவிடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி எதுவும் இல்லாமல், படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முன்பக்கம் மட்டும் வலித்தால், பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே ஏறும் சுமைதான் காரணமாக இருக்கும். கராத்தே பயில்பவர்களிடம் இது இரண்டு இடங்களிலிருந்து வருவதைப் பார்க்கிறேன். ஒன்று, கால்களை அகட்டி நிற்கும் கிபா தாச்சியிலும் ஸென்குட்சுவிலும் முழங்கால் உள்பக்கமாகச் சாய்வது. முழங்கால் எப்போதும் கால் விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். அப்படி வைக்க முடியாத அளவுக்கு ஸ்டான்ஸ் தாழ்வாக இருந்தால் கொஞ்சம் உயர்த்திக்கொள்வதில் இழுக்கு எதுவும் இல்லை. மற்றொன்று, காற்றில் உதைக்கும்போது முழங்காலை முழுவதுமாக நீட்டி வெட்டிவிடுவது. உதைத்த காலை அதே வேகத்தில் மடக்கி இழுத்தால் மூட்டின் மீது அந்த அதிர்ச்சி ஏறாது.

இடுப்பின் பக்கத் தசைகளையும் தொடையையும் வலுப்படுத்துவதே முக்கியமான மருந்து. ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று எதிரே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரலில் நிற்பதும் நல்லது. பயிற்சியின்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். தவளை நடையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். முழுவதும் மடங்கிய முழங்காலில் உடல் எடையைத் தாங்கிக்கொண்டு துள்ளுவது உங்களுக்கு எந்த நன்மையும் தராது.

தகரக் கூரை என்றீர்கள். மே மாதக் கடைசி என்றால் கத்திரி வெயிலின் முடிவு. வெப்பத்துக்கு உடல் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். எல்லாப் பயிற்சியையும் விடியற்காலைக் குளிர்ச்சியில் முடித்துக்கொள்பவர்கள் பத்து மணிக்கு மேல் அந்த மண்டபத்தில் துவண்டு போவார்கள். மே மாத நடுவிலிருந்து சில நாட்களாவது முற்பகல் ஒன்பது, பத்து மணி வாக்கில் குறைந்த அளவில் செய்து பழகுங்கள். உச்சி வெயில் வேண்டாம். தேர்வன்று வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல், உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொண்டுபோங்கள். காலையில் இரண்டு மணி நேரம் முன்பாக இட்லி போன்ற எளிய உணவு போதும். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். குழப்பமோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். கடைசி வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம். அந்த வாரத்தில் புதிதாக வலிமை ஏறப் போவதில்லை, களைப்புத்தான் இறங்க வேண்டும்.

மேலூர் வாசகி

டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு முதல் டான் பெற்றவள் நான். மாஸ்டர்கள் ஆண்களாக இருந்தால் சொல்லாமல் விட்டுவிடும் சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது மெட்டி. தேர்வில் நகை எதுவும் கூடாது. பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியில் மெட்டி எதிரியின் விலாவைக் கீறும், உங்கள் விரலையும் மடக்கிவிடும். திருமணத்தின்போது போட்டது பலருக்குக் கழலவே கழலாது. தேர்வுக்கு முந்தின இரவு எண்ணெய் தடவி இழுத்துக்கொண்டு உட்காராமல், ஒரு மாதம் முன்பே தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் வெட்டி எடுத்துச் சற்றுத் தளர்வாகச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் அப்போதே பேசிவிடுவது நல்லது. தேர்வன்று காலையில் அந்தப் பேச்சு எழுந்தால் மனம் கலங்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள், அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு, உடையின் உள்ளே பனியனோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஊசி மட்டும் குத்தாதீர்கள். எங்கள் தேர்வில் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் சங்கத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாதவிடாய் நாட்கள் தேர்வோடு சேர்ந்து வரக்கூடும். வெள்ளை உடை என்ற கவலையே பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். உள்ளே கறுப்பு நிற அரைக்கால் சட்டை அணிந்துகொண்டு, மாற்று உடை ஒன்றும் எடுத்துப்போய், தேர்வுக் குழுவில் உதவிக்கு இருக்கும் ஒரு பெண்ணிடம் முன்பே சொல்லி வையுங்கள். மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைப் போனவுடன் பார்த்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர்கள் எதிரே நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மாஸ்டர் அனுமதித்தால் வாரத்தில் ஒரு நாள் பெரியவர்கள் வகுப்பில் அவர்களோடு பயிற்சி செய்யுங்கள். நம்மைப் போன்றவர்களோடு நிற்கும்போது, "அம்மாவுக்கு அடிபட்டுவிடுமோ" என்று அவர்களே மெதுவாகத்தான் தாக்குவார்கள். "சரியான வேகத்தில் வாங்க தம்பி, நான் தடுக்கப் பழக வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்டால் செய்வார்கள்.

பசுமலை வாசகர்

சகோதரி, பயிற்சி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் மகனுக்கான தேர்வின்போது கண்டதை மட்டும் சொல்கிறேன். தேர்வுக் கட்டணம், பெல்ட், டான் சான்றிதழைத் தலைமை அமைப்பில் பதிவு செய்யும் கட்டணம் ஆகியவை தனித்தனியானவை. எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று வாங்கிக்கொண்டு, பதிவுக்கென்று பிற்பாடு மீண்டும் கேட்டதில் எங்களுக்குப் பெரும் மனக்கசப்பு ஏற்பட்டது. பணம் கட்டும்போதே எது எதற்கு எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சான்றிதழில் பதிவு எண் இருக்குமா, அது எந்த அமைப்பின் எண் என்றும் கேளுங்கள்.

ஒத்தக்கடை ஆசிரியை

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிசியோ ஐயா கேட்டவற்றில் வீக்கமோ, பூட்டிக்கொள்வதோ, கால் வாரிவிடுவதோ எனக்கு இல்லை. படி விளிம்புப் பயிற்சியைச் செய்து பார்த்தேன். வலது முழங்கால் உள்ளே சாய்வது கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது. இடது முழங்கால் சாயவில்லை. சீட்டு எடுக்கும் வேலையை மகள் மிகுந்த உற்சாகத்துடன் ஏற்றுக்கொண்டாள். மாஸ்டர் ஐயா, சொந்தக் கட்டா பற்றி மட்டும் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. கான்கு தாய் என் உடலுக்குப் பொருந்தியிருக்கிறது என்று எங்கள் மாஸ்டர் கருதுகிறார். பஸ்ஸாய் தாயோ எனக்கு நீண்ட நாள் பழக்கம். தங்கள் கருத்து என்ன?

திருநகர் மாஸ்டர்

டீச்சர், முழங்கால் நிலை தெரியட்டும் என்றுதான் அதை எழுதாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்: பஸ்ஸாய் தாய் செய்யுங்கள். கான்கு தாய் 65 அசைவுகள் கொண்டது. அதன் பிற்பகுதியில் இரு கைகளும் தரையில் படும்படி முழுவதுமாகக் கீழே இறங்கி எழ வேண்டும், முடியும் நேரத்தில் துள்ளி எழுந்து இரட்டை உதை உதைக்க வேண்டும். வலது முழங்கால் உள்ளே சாயும் நிலையில், மூன்று மணி நேரக் களைப்புக்குப் பிறகு அந்த இறக்கமும் அந்தத் துள்ளலும் வேண்டாம். உங்கள் மாஸ்டர் சொன்னதும் சரிதான். முழங்கால் தேறிய பிறகு இரண்டாம் டானுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸாய் தாயில் 42 அசைவுகள். அதில் மூன்று இடங்களுக்கு மட்டும் தனியாக நேரம் கொடுங்கள். தொடக்கத்தில் முன்னே பாய்ந்து கால்களைக் குறுக்கிட்டு நிற்கும் இடம் முதலாவது. பலர் அதில் மேலே குதிக்கிறார்கள், முன்னே போவதில்லை. குதிக்காமல் இடுப்பை முன்னே தள்ளிச் சென்றால் முழங்காலுக்கும் நல்லது, பார்ப்பதற்கும் பலமாக இருக்கும். இரண்டாவது, இரு முட்டிகளையும் மேலும் கீழுமாகச் சேர்த்துக் குத்தும் யாமா சுக்கி. கால்களைச் சேர்த்து மெதுவாகக் கைகளை இடுப்பில் கொண்டுவரும் நேரத்தில் அவசரப்பட வேண்டாம். மெதுவான அந்தப் பகுதி இருந்தால்தான் அடுத்துவரும் குத்துக்கு வேகம் தெரியும். மூன்றாவது, கடைசி இரண்டு கத்திக்கைத் தடுப்புகள். முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் எடை முன்காலுக்கு வந்துவிடும். கடைசி கியாய் (உரத்த முழக்கம்) கொடுக்கும்போது பின்காலில் எழுபது விழுக்காடு இருக்கிறதா என்று உணர்ந்து, தேர்வாளர் "யாமே" (நிறுத்து) சொல்லும்வரை அதே நிலையில் நில்லுங்கள். மகளைக் கைப்பேசியில் இடுப்பு உயரத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஸ்டான்ஸ் எப்போதும் தாழ்வாகவே தெரியும்.

தவளை நடையைச் செய்ய இயலாது என்பதை இந்த வாரமே உங்கள் மாஸ்டரிடம் நேரில் சொல்லி, அதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது சொன்னால் அவர் தேர்வாளர்களிடம் முறையாகத் தெரிவித்துவிடுவார்; அன்று காலையில் சொன்னால் அது சாக்காகத்தான் அவர்கள் காதில் விழும்.